காலை ஐந்து மணிப் பணம்

திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் பூ வந்து சேர்வதற்கு முன்பே பணம் வந்து நின்றுவிடும். நிலக்கோட்டை, வெள்ளோடு பக்கமிருந்து மல்லிகை, முல்லை, சம்பங்கி மூட்டைகள் இறங்கத் தொடங்கும் விடியற்பொழுதில், சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அக்குளில் தோல்பையை இடுக்கிக்கொண்டு ஒருவர் நிற்பார். கட்டி விற்பதற்குப் பூ வாங்க வரும் பெண்கள் முதலில் அவரிடம் போய்விட்டுத்தான் கமிஷன் கடைப் படியேறுவார்கள். என் அம்மாவும் அப்படிப் போனவர்தான். அந்தத் தண்டல்காரர் 18 ரூபாய் கொடுப்பார். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் 20 ரூபாயாகத் திருப்ப வேண்டும். மறுநாள் காலையில் மறுபடி அதே 18 ரூபாய். எழுபதுகளின் நடுவில் பஸ் நிலையத்துப் பக்கம் பூ விற்றவர்களில் பலர் இப்படித்தான் கூடையைத் தூக்கினார்கள்.

பள்ளிக்கூடத்தில் தனிவட்டி படித்த வருடம் அம்மாவுக்கு நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். 18 ரூபாய்க்கு ஒரு நாளைக்கு 2 ரூபாய் வட்டி. ஒன்பதே நாளில் வட்டி அசலைத் தொட்டுவிடும். வருஷத்தில் 300 நாள் வியாபாரம் என்றால் 600 ரூபாய். ஒரே 18 ரூபாயைக் கொடுத்து வாங்கி, கொடுத்து வாங்கி, எங்கள் வீட்டிலிருந்து மட்டும் வருஷத்துக்கு 600 ரூபாய் எடுத்துப் போகிறார் அந்த ஆள். அம்மா வாழை நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கணக்கு சரிதான் ஆத்தா. காலைல அஞ்சு மணிக்கு என்னைய நம்பி வேற யாரு தருவா? அதைச் சொல்லு."

அம்மாவுக்கு வட்டி தெரியாமல் இல்லை. என்னைவிட நன்றாகவே தெரியும். அவர் வாங்கியது அந்த நேரத்தை. எதற்கு, ஏன், ஜாமீன் யார் என்ற கேள்விகள் இல்லாமல் கைக்கு வரும் அந்த நிமிஷத்தை. பிறகு நான் வங்கி வேலைக்குப் போய், ஓய்வு பெறும் வரைக்கும் எத்தனையோ திட்டங்கள் வந்து போனதைப் பார்த்தேன். ஏழைகளுக்கு வங்கிச் சேவை என்று எது வந்தாலும் அம்மா கேட்ட கேள்வியைத்தான் அதனிடம் கேட்டேன். பெரும்பாலானவை பதில் சொல்லாமலே போயின.

அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார். மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு எல்லாம் பீஸ் ரேட்டு. தீபாவளிக்கு முதலாளி கொடுக்கும் முன்பணம் அடுத்த தீபாவளி வரைக்கும் கூலியில் பிடிபட்டுக்கொண்டே இருக்கும். அதனாலேயே வேறு பட்டறைக்கு மாற முடியாது. வீட்டில் ஒரு பித்தளை அண்டா இருந்தது. அது வீட்டில் இருந்ததைவிட அடகுக் கடையில் இருந்த மாதங்கள்தான் அதிகம். பொங்கலுக்கு மீட்டு வருவோம், பள்ளிக்கூடம் திறக்கும்போது மறுபடி போய்விடும். தெருவில் ஒரு அக்கா சீட்டுப் பிடித்தார். அதிலும் அம்மா ஒரு பங்கு கட்டினார். ஏழை வீட்டில் பணமே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் பணம் தினமும் வந்து தினமும் போய்க்கொண்டே இருந்தது. நாலு இடத்துக் கடனையும் சேமிப்பையும் தேதி தவறாமல் தலைக்குள்ளேயே வைத்து நடத்திய அம்மாவின் கணக்கு, பின்னாளில் நான் பார்த்த எந்த லெட்ஜருக்கும் குறைந்ததில்லை.

1969 ஜூலை 19-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையாகின. 1980-ல் இன்னும் ஆறு. ஊருக்கு ஊர் கிளை திறந்தார்கள். அது பெரிய காரியம். அந்தக் கிளைகள் இல்லையென்றால் பூக்காரி மகளான எனக்கு அந்த வேலையும் இல்லை. ஆனால் அம்மா கடைசி வரை திண்டுக்கல்லில் எந்த வங்கிக்குள்ளும் தானாகக் கால் வைத்ததில்லை. அந்தக் காலத்தில் கணக்குத் தொடங்க ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்தவர்களில் கணக்கு வைத்திருந்தவர் இரண்டே பேர்: பட்டறை முதலாளி, அடகுக் கடைக்காரர். அவர்களிடம் போய் "நான் வங்கியில் பணம் போடப் போகிறேன், கையெழுத்துப் போடுங்கள்" என்று எப்படிக் கேட்பது?

எண்பதுகளில் தேர்வு எழுதி கிளார்க்காகச் சேர்ந்தேன். சில வருஷம் கழித்து, திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகும் வழியில் ஒரு கிராமக் கிளைக்கு மாற்றினார்கள். அப்போது ஐ.ஆர்.டி.பி. என்ற ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் உச்சத்தில் இருந்தது. 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிவாக்கப்பட்ட திட்டம் அது. கடனில் ஒரு பகுதி மானியம்: சிறு விவசாயிக்கு நாலில் ஒரு பங்கு, கூலித் தொழிலாளிக்கு மூன்றில் ஒரு பங்கு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. சனங்கள் அதை மாட்டு லோன் என்றுதான் சொன்னார்கள், ஏனென்றால் பெரும்பாலும் கறவை மாடுதான் கொடுத்தோம். மாட்டைப் பார்த்து, கால்நடை மருத்துவர் சான்று வாங்கி, காப்பீட்டுக்குக் காது வில்லை அடித்து, கடனைத் தரகர் கையில் கொடுப்போம். அடுத்த மாதம் போனால் மாடு இருக்காது. பெண்ணுக்குச் சீர் செய்திருப்பார்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குக் கட்டியிருப்பார்கள், அல்லது ஏற்கெனவே வாங்கிய கந்துவட்டியை அடைத்திருப்பார்கள்.

அதிகாரிகள் அதைக் கடன் துஷ்பிரயோகம் என்று எழுதினார்கள். நான் அப்படி நினைத்ததில்லை. அந்த வீட்டுக்கு அந்த மாதம் தேவைப்பட்டது மாடு இல்லை, பணம். பணம் வேண்டும் என்று கேட்டால் கொடுக்க எங்களிடம் படிவம் இல்லை. மாடு வேண்டும் என்று கேட்டால் இருந்தது. ஆகவே மாடு கேட்டார்கள். கந்துவட்டி 120 சதவீதத்துக்கு மேல் ஓடும்போது அதை வங்கிக் கடனில் அடைத்த குடும்பம் புத்தியோடுதான் நடந்துகொண்டது என்று இன்றும் சொல்வேன். அதே காலத்தில் லோன் மேளாக்கள் வந்தன, 1990-ல் 10,000 ரூபாய் வரை கடன் தள்ளுபடி வந்தது. ஏழைக்குக் கடன் கொடுத்தால் வராது என்ற எண்ணம் வங்கிக்காரர்கள் மனதில் கெட்டிப்பட்டது அந்தப் பத்து வருஷத்தில்தான். அதே தெருக்களில் தண்டல்காரருக்குத் தினமும் தவறாமல் வசூலாகிக்கொண்டுதான் இருந்தது.

மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கிய வேலை, 1997-98 வாக்கில் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் பரவியது. மதுரைப் பக்கம் அதற்கு முன்பே களஞ்சியம் குழுக்கள் வேர்விட்டிருந்தன. பிரதான் அமைப்பில் முளைத்து, பிறகு தானம் அறக்கட்டளை வளர்த்தெடுத்தவை. பிரதமர் வாஜ்பாய் டெல்லி மேடையில் குனிந்து காலைத் தொட்டு வணங்கினாரே, அழகர்கோயில் பக்கத்துச் சின்னப்பிள்ளை, அவர் அந்தக் களஞ்சியத்தில் வளர்ந்தவர். நிலமில்லாத கூலித் தொழிலாளி. 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் பக்கத்துக் குழுப் பெண்கள் சொந்த வீட்டு விசேஷமாகப் பேசிக்கொண்டார்கள்.

நான் போய்வந்த குழு செம்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு சின்ன ஊரில் இருந்தது. பெண்களில் பாதிப்பேர் பூப்பறிக்கப் போகிறவர்கள், மீதிப்பேர் களையெடுப்பு, கட்டட வேலை. கூலிக்குப் போய்வந்து சோறாக்கி முடித்து, ராத்திரி எட்டு மணிக்கு மேல் மாரியம்மன் கோயில் திண்ணையில் கூடுவார்கள். மாதச் சந்தா 20 ரூபாய். ஊக்குநராக இருந்த பெண் எட்டாவது வரை படித்தவர். தீர்மான நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசிப்பார். சேர்ந்த பணத்தை அன்றே உள்கடனாகக் கொடுத்துவிடுவார்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கியில் இருந்த எனக்கு அது முதலில் கூடுதலாகப் பட்டது. ஆனால் அந்த வட்டி வெளியே எங்கும் போவதில்லை. எல்லோருக்கும் பொதுவான பணத்தோடு சேர்ந்து வளர்கிறது. கட்டுகிறவளே அதற்குச் சொந்தக்காரியும் ஆகிறாள்.

கையிருப்பு ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். அதில் இரண்டு திண்டுக்கல் பூட்டு. ஒரு சாவி ஒரு வீட்டில், இன்னொரு சாவி இன்னொரு வீட்டில், பெட்டி மூன்றாவது வீட்டில். 1991-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் கேர் அமைப்பு தொடங்கிய கிராமச் சேமிப்புக் குழுக்களிலும் இப்படித்தான் ஒரு பெட்டி, அதற்கு மூன்று பூட்டு, சாவிகள் வெவ்வேறு பெண்கள் கையில் என்று பின்னால் படித்தேன். ஒருவரை ஒருவர் பார்க்காத பெண்கள் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஒரு ஐப்பசி மாதம், கடைசிப் பஸ் போய்விட்டதால் அந்த ஊரிலேயே தங்க வேண்டியதாயிற்று. ஊக்குநர் வீட்டில்தான் படுத்திருந்தேன். மழை பிடித்திருந்தது. நடுராத்திரிக்கு மேல் கதவைத் தட்டினார்கள். மேலத்தெருவிலிருந்து ஒரு பெண், இடுப்பில் பிள்ளை. பிள்ளைக்கு உடம்பு நெருப்பாகச் சுட்டது. கண் மேலே சொருகியிருந்தது. திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், டாக்சிக்காரர் பணத்தை முன்னால் கேட்கிறார்.

ஊக்குநர் ஒன்றும் கேட்கவில்லை. மகனை எழுப்பி, "ஓடிப்போயி பெரியத்தைகிட்ட சாவிய வாங்கியாடா, அப்படியே பூங்கொடி மதினியவும் கூப்பிடு" என்றார். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பெண்கள் நனைந்தபடி வந்து நின்றார்கள். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெட்டி திறந்தது. 300 ரூபாய். சின்ன நோட்டுகள்; அதனால் எண்ணுவதற்கு நேரமானது. ஊக்குநர் தீர்மான நோட்டில் தேதி, தொகை, காரணம் எழுதினார். காரணத்துக்கு நேரே "பிள்ளைக்கு ஜன்னி" என்று எழுதிவிட்டு அந்தப் பெண்ணின் கையில் நோட்டை நீட்டினார். அவள் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெயரைக் கூட்டிக் கூட்டி எழுதினாள். அந்தக் கையெழுத்தும் அதே குழுவில் கற்றுக்கொண்டதுதான். கைநாட்டே போதும் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் அப்படி நினைக்கவில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன முதல் வங்கியை அப்போதுதான் பார்த்தேன். கதவு தட்டிய நேரத்துக்கும் பணம் கைக்குப் போன நேரத்துக்கும் நடுவே கால்மணிதான் இருக்கும். தண்டல்காரரால்கூட அந்த மழையில் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க முடியாது.

குழுவுக்கு வங்கியில் கணக்குத் தொடங்கப் போனபோதுதான் தகராறு வந்தது. தேசிய வேளாண் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 1992-ல் 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. பதிவு செய்யாத குழுவின் பெயரிலும் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம் என்று ரிசர்வ் வங்கி 1993 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்தச் சுற்றறிக்கையைப் படித்தவர்கள் எத்தனை பேர்? நான் அப்போது இருந்த கிளைக்கு மேல் இருந்த ஒரு அதிகாரி, "இது சங்கமா, கம்பெனியா, என்னவென்று எழுதுவது? ஓடிப்போனால் யாரைப் பிடிப்பது?" என்றார். கணவன்மார் கையெழுத்து வேண்டும் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். சுற்றறிக்கையின் நகலை எடுத்துவைத்துக்கொண்டு வாதாடினேன். குழுவின் நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் பரப்பினேன். இரண்டு வருஷத்து வரவு செலவில் ஒரு ரூபாய் பிசகில்லை. ஒரு மாதம் தவணை தவறியவளுக்காக மற்றவர்கள் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசியதுகூடத் தீர்மானமாக எழுதியிருந்தது. கணக்குத் திறந்தது. சேமிப்பைப்போல் நாலு மடங்கு வரை கடன் கொடுக்கலாம் என்பது விதி. நாங்கள் முதலில் அதே அளவு கொடுத்து, பிறகு கூட்டினோம். மாட்டு லோன் வராக்கடனாக நின்ற அதே ஊரில் குழுக் கடன் தேதி தவறாமல் வந்தது.

வங்காளதேசத்தில் முகமது யூனுஸ் 1976-ல் ஜோப்ரா என்ற ஊரில் 42 பேருக்கு மொத்தம் 27 டாலர் கொடுத்துத் தொடங்கியதையும், அது 1983-ல் கிராமீன் வங்கியானதையும் எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். அது மேலிருந்து பணம் வரும் வழி. எங்கள் குழுக்களில் பணம் முதலில் அந்தப் பெண்களிடமிருந்தே வந்தது. வங்கிப் பணம் பிற்பாடு. அந்த வரிசைதான் முக்கியம் என்பது என் திடமான நம்பிக்கை. தன் பணம் உள்ளே இருக்கும் பெட்டியை யாரும் ஏமாற்ற விடமாட்டார்கள்.

இரண்டாயிரங்களில் இந்த வரிசை குலைந்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது. குழுக்களின் எண்ணிக்கைக்கு இலக்கு வந்தது, கடனுக்கும் இலக்கு வந்தது. வங்கிக் கடன் லட்சத்தில் வர ஆரம்பித்ததும், வந்த பணத்தை ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொண்டு, தவணையை ஊக்குநர் வசூலித்துக் கட்டுவதே குழு வேலை என்றாகிவிட்டது பல ஊர்களில். சேமிப்பு முழுவதும் வங்கிக் கணக்கில் கிடந்தது. தகரப் பெட்டி பரணுக்குப் போயிற்று. நடுராத்திரிக் கடன் நின்றுபோயிற்று.

அந்த இடைவெளியில் மைக்ரோ பைனான்ஸ் நுழைந்தது. பார்வைக்கு அதுவும் குழுதான். வாரம் ஒருமுறை ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டம், வரிசையாக உட்கார்ந்து உறுதிமொழி, தவணை வசூல். ஆனால் அந்த நிறுவனங்களுக்குப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கச் சட்டப்படி அனுமதியில்லை. ஆகவே அங்கே சேமிப்புக்கு இடமில்லை; கடன் மட்டும்தான். ஒருத்தி தவணை கட்டவில்லையென்றால் மற்றவர்கள் யாரும் எழுந்து போகக் கூடாது என்று உட்கார வைத்ததை வேடசந்தூர்ப் பக்கம் நானே பார்த்திருக்கிறேன். பஞ்சாலை ஷிப்ட்டுக்குப் போக வேண்டிய பெண் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் கம்மலை வாங்கி அடகு வைத்துக் கட்டினார்கள். ஒரு நிறுவனத்துக் கடனை அடைக்க இன்னொரு நிறுவனம், அதை அடைக்கத் தண்டல். குழுவில் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குத் துணையாக இருந்தாள். இங்கே காவலாளாக மாற்றிவிட்டார்கள். அதுதான் எனக்கு ஆறாத கோபம்.

ஆந்திரத்தில் தற்கொலைகளுக்குப் பிறகு 2010 அக்டோபரில் அவசரச் சட்டமே போட்டார்கள். 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி புதிய விதி கொண்டுவந்தது: ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. நல்ல சட்டங்கள். ஆனால் வட்டிக்காரரைத் தடுத்தால் மட்டும் காலை ஐந்து மணிக்கு 18 ரூபாய் வந்துவிடாது.

இதற்கிடையே கணக்குகள் வந்தன. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் நாட்டில் முதல் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டில் ஆறு மாவட்டங்கள். திண்டுக்கல் அதில் ஒன்று. நாள் கூலி 80 ரூபாய். ஆரம்பத்தில் வேலை இடத்திலேயே ரொக்கமாகக் கொடுத்தார்கள், பிறகு வங்கிக் கணக்குக்கு மாற்றினார்கள். 2014 ஆகஸ்ட் 28-ல் ஜன்தன் திட்டம். 2023 ஆகஸ்டில் அந்தக் கணக்குகள் 50 கோடியைத் தாண்டின. அறிமுகக் கையெழுத்து என்ற சுவர் இடிந்தது. ஆதார் அட்டையோடு வந்தால் போதும். அம்மா உயிரோடு இருந்திருந்தால் கையைப் பிடித்து அழைத்துப் போயிருப்பேன்.

கணக்கு இருப்பது ஒன்று, அதை எடுத்தாள்வது ஒன்று. 2021-ல் உலக வங்கி எடுத்த கணக்குப்படி இந்தியாவில் வயது வந்தோரில் நூற்றுக்கு 78 பேரிடம் கணக்கு இருந்தது. அந்தக் கணக்குகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஒரு வருஷமாகத் தொடப்படாமல் கிடந்தது. ஏன் என்று தெரிந்துகொள்ள வங்கி முகவர் நடத்தும் எங்கள் ஊர் மினி பேங்க் வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். கைரேகை மெஷினில் விரலை வைத்து முதியோர் பணம் எடுக்க வருகிறார்கள். பூட்டுக்கு அரம் ராவிய விரல்களில் ரேகை இருப்பதில்லை. என் சித்தப்பா பத்து வயதில் அரத்தைப் பிடித்தவர். கட்டைவிரல் வைப்பார், சிவப்பு விளக்கு. துணியால் துடைத்துவிட்டு ஆட்காட்டி விரல், சிவப்பு விளக்கு. தேங்காயெண்ணெய் தொட்டு வைத்துப் பார் என்பார் ஒருவர். நாளைக்கு வாங்க தாத்தா என்பார் கடைப் பையன். அந்தப் பையன் மேல் குறையில்லை. பூட்டுச் செய்தே தேய்ந்த கைக்கு அவருடைய பணத்தைத் திறக்க முடியவில்லை. கண் ரேகை மெஷினை எல்லா இடத்திலும் வைத்தால் தீரக்கூடிய விஷயம் இது, இன்னும் வைக்கவில்லை.

2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை வந்தது. ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய், அவரவர் கணக்கில். முதல் மாதமே சிலருக்கு அதில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்தம் விழுந்தது. குறைந்தபட்ச இருப்பே தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தோம், பலருக்கு மாறியது. அந்த ஆயிரம் ரூபாய் பெண்கள் கையில் என்ன செய்கிறது என்பதைப் பார்க்கிறேன். யாரிடமும் கேட்காமல் வரும் பணம். மாதம் தவறாமல் வருகிறது என்பதால் கணக்கில் ஒரு நடமாட்டம் இருக்கிறது. இந்த நடமாட்டத்தை வைத்து ஒன்று செய்ய முடியும், அதுதான் இப்போது என் வேலை.

ஜன்தன் கணக்கில் ஓவர்டிராப்ட் என்று ஒன்று உண்டு. கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் ஒரு அளவு வரை எடுத்துக்கொள்ளலாம், போட்டால் அடைந்துவிடும், எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. முதலில் 5,000 ரூபாய் வரை இருந்தது. 2018-ல் 10,000 ஆக்கினார்கள். அதில் 2,000 ரூபாய் வரை நிபந்தனை இல்லாமல் கொடுக்கலாம். ஆறு மாதம் கணக்கை ஒழுங்காக நடத்தியிருக்க வேண்டும், வயது 65-க்குள் இருக்க வேண்டும், வீட்டுக்கு ஒருவர், பெண்ணாக இருந்தால் நல்லது. முதல் நாள் சாயங்காலம் மினி பேங்கில் எடுத்து வைத்துக்கொண்டால் காலையில் பூ வாங்கலாம். விற்று முடித்து மறுபடி போட்டுவிடலாம். 10 சதவீத வட்டி என்றே வைத்துக்கொண்டாலும் 2,000 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி 55 காசு. இதே 2,000 ரூபாய்க்கு இன்று மார்க்கெட்டில் நூற்றுக்குப் பத்து பிடித்துக்கொண்டு 1,800-தான் கையில் கொடுக்கிறார்கள். 200 ரூபாய்க்கும் 55 காசுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பிள்ளையின் காலேஜ் பஸ் கட்டணம் இருக்கிறது.

இந்த வசதி பூ மார்க்கெட்டில் யாருக்கும் தெரியவில்லை. கிளைகளில் பலருக்கும் ஞாபகம் இல்லை. 2020-ல் தெருவோர வியாபாரிகளுக்கு ஸ்வநிதி திட்டத்தில் 10,000 ரூபாய் கடன் வந்தபோது மாநகராட்சிச் சான்று கிடைத்தவர்கள் வாங்கினார்கள். கூடையைத் தலையில் வைத்து நடந்து விற்கிற பெண்களில் பலர் பட்டியலுக்கே வரவில்லை. மாதத் தவணையும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. அவர்களுக்கு மாதம் என்பது கிடையாது, நாள்தான். ஓவர்டிராப்ட் அந்த நாளோடு பொருந்தும்.

ஆகவே வாரத்தில் ஒரு நாள் மத்தியானம், கட்டிய பூ விற்றுத் தீர்ந்த பிறகு, அந்தப் பெண்களோடு உட்கார்ந்து மனு எழுதுகிறேன். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்து, உரிமைத் தொகையும் வேலை உறுதித் திட்டக் கூலியும் எந்தக் கணக்கில் விழுகிறது என்று குறித்து, ஆறு மாத வரவைக் காட்டும் பக்கத்தை நகலெடுத்து இணைக்கிறோம். ஒரு கிளையில் இளவயது மேலாளர் ஒருவர் விதியை எடுத்துப் படித்துவிட்டு, "இருக்கும்மா, கொடுக்கலாம்" என்று சொல்லிச் சிலருக்குக் கொடுத்தார். அவர்களில் ஒரு அக்கா முதல்முறை எடுத்த 2,000 ரூபாயை அன்று சாயங்காலமே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, "வட்டி எம்புட்டுன்னு கேட்டா அந்தப் பய சிரிக்கிறான்த்தா, சில்லறைக் காசாம்" என்றார். இன்னொரு கிளையில் மனுக்கள் மேசையிலேயே இருக்கின்றன. மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார்கள். 2018 சுற்றறிக்கையின் நகலை இந்தமுறை எடுத்துக்கொண்டு போகிறேன். கூட வருவதாக ஆறேழு பேர் சொல்லியிருக்கிறார்கள். வரிசையில் நிற்கிற நேரத்துக்குப் பூக்கட்ட நாரும் உதிரியும் கொண்டுவருவார்கள்.